பாம்பாட்டியின் குழல்

ஜெர்மனியில் அண்ணா இருக்கிற நகரத்தில் இசைக்கருவிகளுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. நானும் கணவரும் மெல்பேர்னிலிருந்து விடுமுறைக்குப் போயிருந்தபோது அண்ணாதான் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார். "உனக்குப் பிடிக்கும், வா" என்றார்.

பிடிக்கத்தான் செய்தது. கீழ் மாடிகளில் பழைய பியானோக்கள், பாதி செய்த நிலையில் விட்ட வயலின்கள், ஆளைவிட உயரமான ஊதுகுழல்கள். ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலும் ஒரு ஹெட்ஃபோன் தொங்கும். போட்டுக்கொண்டால் அந்தக் கருவியின் ஓசை கேட்கும். என் கணவர் மதுரைக்காரர், எதையும் அவசரப்படாமல் பார்க்கிறவர். ஒன்றையும் விடாமல் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தார்.

மேல் மாடிக்கு 'உலக இசை' என்று பெயர். கீழ் மாடிகள் முழுவதும் ஐரோப்பாவுக்கு, மிச்ச உலகத்துக்கு இந்த ஒரு மாடி. சுருக்கென்றது, ஆனாலும் தொடர்ந்து நடந்தேன். ஒரு மூலையில் திரும்பியதும் நாதஸ்வரம் இருந்தது. கறுத்த மரம், விரிந்த வாய், வாயில் வைத்து ஊதுகிற சீவாளிகள் கோத்த நூல்கூட அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. சொந்தக்காரரைக் கண்டதுபோல வேகமாகக் கிட்டப் போனேன். அதற்குப் பக்கத்தில் ஒரு பிரம்புக் கூடை. கூடைக்குள்ளிருந்து துணியால் செய்த நாகப்பாம்பு ஒன்று படமெடுத்துக்கொண்டிருந்தது. கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்: பாம்பாட்டியின் குழல், இந்தியா.

ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் வைத்தேன். சினிமாவில் பாம்பு வரும்போது போடுகிற அதே சத்தம். வாசித்தது நாதஸ்வரம்கூட இல்லை.

"அண்ணா, இதைப் பாருங்கோ" என்றேன். அவர் பக்கத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்க உப்பிடித்தான். வா, அங்கால போவம்."

அந்த நேரம் பார்த்து ஒரு வழிகாட்டிப் பெண் சுற்றுலாக் கூட்டமொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெட்டிக்கு முன்னால் நின்று, முழங்கையை மடக்கி உள்ளங்கையைப் பாம்பின் படம்போல விரித்து ஆட்டிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் அவளோடு சேர்ந்து தானும் ஆட்டினார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. நான் மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறவள். கத்துகிற நோயாளிகளிடம்கூடக் குரலை உயர்த்தாமல் பேசப் பழகியவள். அந்தக் குரலில்தான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இதை வைத்து யாரும் பாம்பு ஆட்டுவதில்லை. இது கோயிலில் வாசிக்கிறது. என் கல்யாணத்தில் தாலி கட்டும்போது இதைத்தான் வாசித்தார்கள்."

அவள் தலையைச் சாய்த்துப் புன்னகைத்தாள். "பகிர்ந்துகொண்டதற்கு நன்றி. ஒவ்வொரு பண்பாட்டுக்கும் தனக்கென்று ஒரு கதை இருக்கிறது."

கதையாம். என் கல்யாணம் கதை, அவளுடைய துணிப்பாம்பு வரலாறு. 'நீ சொல்வது பொய்' என்று சொல்லியிருந்தாலாவது நின்று வாதாடியிருப்பேன்.

கைபேசியை எடுத்தேன். மெல்பேர்ன் கோயில் தேர்த்திருவிழாவில் எடுத்த வீடியோ அதில் இருந்தது. குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு ஒருவர் வாசிக்கிறார், பக்கத்தில் தவில். நடுவில் யாருடையதோ குழந்தை அழுகிறது. சத்தத்தை முழுவதுமாகக் கூட்டிப் போட்டேன். அந்த மாடி முழுக்க நாதஸ்வரம் கேட்டது. கூட்டத்தில் ஒரு வயதான பெண்மணி சிரிப்பை நிறுத்திவிட்டு வீடியோவை எட்டிப் பார்த்தார்.

காவலாளி ஓடி வந்தார். "மேடம், இங்கே சத்தம் போடக் கூடாது."

"இது என்ன மியூசியம்?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. வெளியே போகும் வழியைக் கையால் காட்டினார்.

"விடும்மா, டூர் வந்த இடத்துல எதுக்கு வம்பு" என்றார் கணவர். ஆனால் என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, வீடியோவில் அவர் வாசித்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். அதற்குப் பிறகுதான் இறங்கினோம்.

காரில் அண்ணா வெடித்தார். "நீ பிளேன் ஏறிப் போயிடுவாய். இங்க இருக்கிறது நான்."

"எத்தனை தரம் அந்தப் பெட்டியைப் பார்த்தனீங்கள்?"

"வாற ஆக்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போறனான்தானே."

"ஒருக்காலும் ஒண்டும் சொல்லேல்லையோ?"

சிவப்பு விளக்கில் கார் நின்றது. "அந்த மூலை வந்தவுடன மற்றப் பக்கம் பார்க்கிறனான்" என்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நெஞ்சுக்குள் நின்றது. ஊரில் கோயில் மேளம் கேட்டால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடுகிற மனுஷன் அவர்.

மெல்பேர்ன் திரும்பிச் சில மாதங்களுக்குப் பிறகு, ஸ்பிரிங்வேல் கடைத்தெருக் கார் தரிப்பிடத்தில் மரக்கறிப் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அண்ணா அழைத்தார். குரலில் மூச்சு வாங்கியது.

"நான் தனியப் போனனான். இப்ப அது அங்க இல்லை."

"பாம்போ?"

"பாம்பும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை. வேற எந்த நாட்டிலயோ இருந்து ஒரு சங்கு கொண்டுவந்து வைச்சிருக்கினம். கவுண்டரில கேட்டன். பார்வையாளர் ஆரோ மனம் நொந்து போச்சினமாம், அதால உள்ளுக்க எடுத்து வைச்சிட்டினமாம்."

நாதஸ்வரம் என்று ஒரு சொல் எழுதி ஒட்டுவதற்குப் பதில் நாதஸ்வரத்தையே தூக்கிவிட்டார்கள். பிழையைத்தான் சொன்னேன், குற்றவாளிபோல அதைக் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். அதையும் எனக்குச் செய்த மரியாதையென்று வேறு சொல்கிறார்கள்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"கத்திப்போட்டு வந்தனான். அதைத் திரும்ப வை, பேரை ஒழுங்கா எழுது எண்டு. காவலாளி வந்தும் நான் அசையேல்லை. வாற கிழமையும் போவன்."

பக்கத்தில் நின்ற கணவருக்குச் சொன்னேன். "மச்சானா? கத்தினாரா?" என்று நம்பாமல் கேட்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் கோபம் இறங்கவில்லை. அந்த நாதஸ்வரம் சீவாளி நூலோடு அப்படியே ஜெர்மனிக்குப் போயிருக்கிறதே, அதை ஊதியவர் ஒருவர் இருந்திருப்பார். அவர் யார், அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று அந்தக் கட்டிடத்தில் ஒருவருமே கேட்டதில்லை போலிருக்கிறது.