சிவபாக்கியம் அக்கா கையொப்பமிட மறுத்த கடதாசி

சிவபாக்கியம் அக்கா காலமாகிவிட்டார் என்று அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது நான் ஆனையிறவில் பேருந்துக்குள் இருந்தேன். சொன்ன கையோடு, "அந்த நட்டஈட்டுக் கடதாசியில கையெழுத்து வைச்சிருந்தா கடைசிக் காலமாவது சுகமா இருந்திருப்பா" என்றார். எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர்மேல் அல்ல. அதே கதையை அக்காவிடம் முதலில் சொன்னவன் நான்தான்.

கண்டாவளையில் அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். அது எங்கே தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. சண்டை முடிந்து வவுனியா முகாமில் அடைபட்டிருந்தபோது, என் கையெழுத்து வடிவு என்று இறப்புப் பதிவுப் படிவங்களை நிரப்ப என்னை இருத்தினார்கள். எத்தனை இடம் ஓடினாலும், ஊரைக் கேட்டால் எங்கள் சனம் சொந்த ஊரைத்தான் சொல்லும். எங்கே செத்தார்கள் என்று கேட்க வாய் வராமல், இறந்த இடத்துக்கும் நான் அந்த ஊரையே எழுதினேன். கடற்கரையில் பதுங்குகுழி வாசலில் ஷெல் பட்டு இறந்த அக்காவின் மகள் கோமதி, என் எழுத்தில் கண்டாவளை வீட்டில் இறந்தவளானாள்.

அவள் இறந்த திகதியில் கண்டாவளையில் சனமும் இல்லை, சண்டையும் இல்லை என்று நட்டஈட்டுக் கோப்பு திரும்பி வந்தது. இடத்தைத் திருத்தக் கேட்டால், கண்ணால் கண்டவர்களைக் கூட்டிவரச் சொன்னார்கள். "கண்ட சனமும் அவளோடதான் ஐயா செத்தது" என்றார் அக்கா. சாட்சி இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். வருடக்கணக்கில் அலைந்தார். "கடதாசிக்குப் பசிக்காது தம்பி, அது ஆறுதலாத்தான் வரும்" என்பார். ஷெல் அடித்தவர்களிடம் யாரும் ஒரு சாட்சியும் கேட்கவில்லை. சீ என்று போகிறது.

பிறகு வந்த அதிகாரி ஒருவர் இரக்கப்பட்டு வழி காட்டினார். இடம் கண்டாவளையாகவே கிடக்கட்டும், திகதியை மாற்றுங்கள் என்றார். சனம் ஊரை விட்டு ஓடிய அன்று அங்கே ஷெல் விழுந்தது பதிவில் இருந்தது. அன்று கோமதி இறந்ததாக ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தால் காசு வந்துவிடுமாம். உண்மைக்குச் சாட்சி கேட்டவர்களுக்குப் பொய்க்கு ஒரு கையொப்பம் போதுமாக இருந்தது. அந்தப் பொய்யையும் நானே எழுதிக்கொண்டு போய், கையெழுத்தை வைத்துவிடுங்கோ அக்கா என்று கெஞ்சினேன். அவருடைய கூரைத் தகரம் அப்போதே ஓட்டை.

அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"அண்டைக்கு அவள் எனக்குத் தேத்தண்ணி வைச்சுத் தந்தவள் தம்பி. அதுக்குப் பிறகு நாலு மாசம் என்னோட இருந்தவள். அந்த நாலு மாசத்தையும் நானே இல்லையெண்டு எழுதிக் குடுக்கிறதோ?"

கோபிக்கவில்லை. கடதாசியை மடித்துத் தந்துவிட்டு, சாப்பிட்டுப் போகச் சொன்னார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் அக்காவின் தம்பி என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார். அக்காவுக்கு இனி உரித்தாளி தானென்றும், தான் கையொப்பமிட அதே கடதாசியைத் திரும்ப எழுதித் தரும்படியும் கேட்டார். அக்கா போய்விட்டா, இனி ஆருக்கு நோகப்போகுது என்றார்.

கோமதி அந்த நாலு மாதமும் உயிரோடு இருந்தவள், எழுத மாட்டேன் என்றேன். அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த 'மாட்டேன்' ஒன்றுதான். முகாமில் பேனையைத் தந்த அன்றே அது என்னிடம் இருந்திருக்க வேண்டும்.