நான் தோண்டச் சொன்ன கிணறு

யாராவது "பொறுங்கோ" என்று சொன்னால் எனக்குக் காது சூடாகிவிடும். பஸ் வர நாலு நிமிடம் என்று போட்டிருந்தால் அடுத்த தரிப்பிடத்துக்கு நடக்கத் தொடங்குவேன். நடுவழியில் அதே பஸ் என்னைத் தாண்டிப் போகும். இப்படிப்பட்ட ஒருத்தியைத்தான், நாள்கணக்கில் கூடிப் பேசி முடிவெடுக்கும் மக்களோடு வேலை செய்ய லண்டனில் ஓர் அலுவலகம் பிடித்து வைத்திருக்கிறது.

சின்ன அலுவலகம், ஐந்து பேர். கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிகளில் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்து வாழும் ஒரு பழங்குடிச் சமூகத்தோடு வேலை செய்கிறோம். என்ன வேண்டும் என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். நாங்கள் அதை விண்ணப்பமாக எழுதி நிதி தருகிறவர்களிடம் கொண்டு போவோம். அலுவலகச் சுவரில் இதைப் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். ஒட்டியது நான்தான்.

இந்த வருட வறட்சிக்கான விண்ணப்பம் ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் போக வேண்டியிருந்தது. அங்கே கூட்டம் செவ்வாயே தொடங்கிவிட்டது. அந்தச் சமூகத்துப் பெண் ஒருவர்தான் எங்கள் இணைப்பாளர். தினமும் அவருக்குப் போன் எடுத்தேன். தினமும் ஒரே பதில்.

"இன்னும் மூன்று பேர் வர வேண்டும். மாடுகளோடு தூரத்தில் நிற்கிறார்கள்."

"போனில் கேட்க முடியாதா?"

"அங்கே சிக்னல் இல்லை. இருந்தாலும் கேட்க மாட்டோம். எதிரே உட்கார்ந்துதான் பேச வேண்டும்."

அவர்கள் வழக்கம் அது. ஆகத் தூரத்தில் நிற்பவர் வந்து சொல்லும்வரை எதுவும் முடிவில்லை. நிலம் எப்படிக் கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். இது எனக்குப் புதிதில்லை. எத்தனையோ அறிக்கைகளில் புகழ்ந்து எழுதியிருக்கிறேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை, முகம் தெரியாத அந்த மூன்று பேர்மீதும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

அவர்களுடைய பழைய கடிதம் ஒன்று கையில் இருந்தது. தண்ணீருக்காக மாடுகளை இரண்டு நாள் நடத்திப் போகிறோம் என்று எழுதியிருந்தார்கள். வடக்கே பெரிய புல்வெளி ஒன்று இருக்கிறது, அங்கே தண்ணீர் இல்லை என்றும் இருந்தது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? நான் யாழ்ப்பாணத்தாள். காணி பார்க்கப் போனால் வீட்டுக்குள் கால் வைக்க முதல் கிணற்றை எட்டிப் பார்த்து, நல்ல தண்ணியா உப்புச் சவரா என்று கேட்கிற சனம் நாங்கள். தண்ணீர் இல்லையென்றால் கிணறு வெட்ட வேண்டும், அவ்வளவுதான். வடக்குப் புல்வெளியில் இரண்டு ஆழ்கிணறு என்று எழுதினேன். 'சமூகத்தைக் கேட்டு எடுத்த முடிவா?' என்ற கட்டத்தில் சரி போட்டேன். பதினொன்று நாற்பதுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மணிக்கு இணைப்பாளரின் குரல் செய்தி வந்தது. மூன்று பேரும் வந்துவிட்டார்கள், முடிவும் எடுத்தாயிற்று. வடக்குப் புல்வெளிக்கு வரைபடம் போட்டுச் சமூகத்தின் பெயரில் பதிய உதவி வேண்டும். யாரும் அங்கே கிணறு வெட்டிவிடக் கூடாது.

"அங்கே தண்ணீர் இல்லாததால்தான் புல் மிஞ்சியிருக்கிறது," என்றார். "கிணறு வந்தால் எல்லாருடைய மந்தைகளும் அங்கேயே தங்கிவிடும். கொஞ்சக் காலத்தில் வெறும் மண்தான். அடுத்த பஞ்சத்துக்கு எங்கள் மாடுகளைக் கொண்டுபோக வேறு இடம் கிடையாது."

அன்று ரயிலில் இடம் இருந்தும் வீடு இருக்கிற செவன் கிங்ஸ் வரை நின்றபடியே போனேன்.

"என்ன, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து திறந்து பூட்டுறீர்? உள்ளுக்கு ஒண்டும் புதுசா முளைக்காது," என்றார் கணவர். நடந்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாழ்ப்பாணத்தாளிட்டக் கேட்டால் கிணறு எண்டுதானே வரும்!"

"பகிடி விடாதேங்கோ. அந்தப் புல்லுப் போனால் அந்தச் சனத்துக்கு ஒண்டுமில்லை. திங்கக்கிழமை விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்கப் போறன்."

"வேலை போனால்?"

"போகட்டும்."

வாய் வீறாப்பாகச் சொல்லிவிட்டது. ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் துடைத்த மேசையையே துடைத்தேன். போர்க்காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது வெள்ளிக்கிழமைதோறும் மீன் டின் கொடுத்தார்கள். வெள்ளியில் மச்சம் மாமிசம் தொடாத சனத்துக்கு, வெள்ளி பார்த்து மீன். "எங்களைக் கேட்டனீங்களோ?" என்று அம்மா கத்தினா. எங்கோ ஒரு மேசையில் 'கேட்டோம்' என்று யாரோ சரி போட்டிருப்பார்கள். அந்த யாரோவை இத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை எங்கள் இயக்குநர் அம்மாளிடம் ஒப்புக்கொண்டேன். அந்த ஆங்கிலேயப் பெண் குரலை உயர்த்துகிறவர் இல்லை, அன்றும் உயர்த்தவில்லை. நிதி தருகிறவர்களுக்குக் கிணறு மிகவும் பிடித்துவிட்டதாம், காலையிலேயே பாராட்டி எழுதியிருந்தார்களாம். திருப்பி எடுத்தால் அடுத்த வருடம்வரை அவர்களிடம் போக முடியாது என்றார். பிறகு தானே கடிதத்தை எழுதி விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்தார். அவர் என்னைப் பார்க்காமல் தட்டச்சு செய்ததுதான் எனக்கு ஏச்சு.

இணைப்பாளரிடம் சொன்னபோது, "இதை என்னிடம் சொல்லிப் பயனில்லை, கூட்டத்தில் சொல்லுங்கள்," என்றார். இரண்டு நாள் கழித்து போனை நடுவில் வைத்து ஒலியைக் கூட்டினார்கள். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர் மொழிபெயர்த்தார். பிறகு ஒரு பெண் ஏதோ கேட்டார்.

"எத்தனை பேர் கூடிக் கிணறு என்று முடிவெடுத்தீர்கள் என்று கேட்கிறார்."

"நான் மட்டும்தான்."

அதை மொழிபெயர்த்ததும் அங்கே யாரோ சிரித்தார்கள். நம்ப முடியாதபோது வருகிற சிரிப்பு. நான் அழுதுவிட்டேன்.

"எங்களோடு இனியும் வேலை செய்வீர்களா?" என்று கேட்டேன்.

"அதைக் கூட்டம்தான் முடிவெடுக்கும்," என்றார் இணைப்பாளர்.

"கூட்டம் இப்போது கூடித்தானே இருக்கிறது?"

"அந்த மூன்று பேரும் இல்லையே. மாடுகளிடம் திரும்பிப் போய்விட்டார்கள். மழை விழுந்தால்தான் மாடுகளோடு திரும்பி வருவார்கள்."

இது நடந்து ஐந்து வாரம். ஒரு தடவைகூட நான் போன் எடுத்து அவசரப்படுத்தவில்லை. எத்தனை முறை இலக்கத்தை அழுத்தப் போய்க் கையை எடுத்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். காலையில் செவன் கிங்ஸ் ரயில் மேடையில், தூறலில் நனைந்துகொண்டு, அங்கே மழை பெய்ததா என்று போனில் பார்க்கிறேன். இன்றும் அங்கே வெயில்தான்.