டெஸ்ஸா எந்த வீட்டில் தூங்கினாள்

டெல்மர் ஹாஃப்லி தன் பிக்கப் வண்டியைப் பள்ளிக்கூட வாசலில் ஒருநாளும் நிறுத்தியதில்லை. இரண்டு தெரு தள்ளி, மெத்தடிஸ்ட் தேவாலயத்துக்குப் பின்னால் நிறுத்தி மகளை இறக்கிவிடுவான். டெஸ்ஸா பக்கத்து வீட்டிலிருந்து கிளம்பி வருகிறவள் மாதிரி நடந்து போவாள். நாலு வருடமாக இதுதான் வழக்கம். இந்த வருடம் கையில், பள்ளி வாத்தியக் குழுவில் ஊதுகிற ட்ராம்போன் குழலின் பெட்டியும் சேர்ந்துகொண்டது.

அவன் குடியிருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், இருபத்திரண்டு மைல் தள்ளி, வேறொரு பள்ளி எல்லைக்குள். வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்தப் பள்ளியில்தான் பிள்ளை படிக்கலாம் என்பது சட்டம். டெஸ்ஸாவின் அம்மா ரோண்டா மாத்திரைப் பழக்கத்துக்குச் சிகிச்சைக்குப் போன, நாலு வருடத்துக்கு முந்தைய பிப்ரவரியில், நீதிமன்றம் எட்டு வயதுப் பிள்ளையை அவனிடம் ஒப்படைத்தது. அம்மா போயாயிற்று, வீடு போயாயிற்று, பள்ளிக்கூடமாவது மிஞ்சட்டும் என்று நினைத்தான். அங்கே ரோண்டாவின் விலாசத்தை மாற்றாமல் விட்டுவிட்டான். எங்கள் ஒஹாயோ மலையோரத்தில் இதைச் செய்யாத குடும்பம் குறைவு. இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். திங்கட்கிழமைதோறும் டெல்மர் அவர்கள் கதவைத் தட்டி, பள்ளியிலிருந்து வந்த கடிதங்களை வாங்கிக்கொண்டு வருவான்.

அதே வருடம் இன்னொரு தப்பும் நடந்திருந்தது. விவாகரத்துத் தீர்ப்பில், பிள்ளைக்கான வரிச்சலுகை அம்மாவுக்கு என்று ஒரு வாசகம் இருந்தது. பிள்ளை கைமாறினாலும் அந்த வாசகம் மாறாது என்று நம்பி, அந்த வருட வரிக்கணக்கில் டெஸ்ஸாவின் பெயரையே அவன் எழுதவில்லை. ரோண்டாவோ கணக்கே தாக்கல் செய்யவில்லை. மறுவருடம் நீதிமன்றம் அந்த வாசகத்தை அவன் பெயருக்கு மாற்றிவிட்டது, ஆனால் அந்த ஒரு வருடச் சலுகையை யாரும் வாங்கவில்லை.

இது தெரியவந்தது போன சனிக்கிழமை. நூலகத்தில் இலவசமாக வரிக்கணக்கு போட்டுக்கொடுக்கும் ஆர்லீன் பழைய தாள்களைப் புரட்டிவிட்டு, தீர்ப்பில் என்ன எழுதியிருந்தாலும் பிள்ளை பாதி வருடத்துக்கு மேல் எந்த வீட்டில் தூங்கியதோ அந்த வீட்டுக்குத்தான் சலுகை என்றாள். இப்போது திருத்தி அனுப்பினாலும் ஐயாயிரம் டாலருக்குக் கிட்ட வரும். ஆனால் அந்தக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு, அது புதன்கிழமையோடு முடிகிறது. அன்றைய தபால் முத்திரை விழாவிட்டால் அவ்வளவுதான். இவ்வளவு தாமதமாகப் போகும் கணக்குக்குச் சாட்சி கேட்காமல் விடமாட்டார்கள் என்றும் சொன்னாள். பிள்ளை அவனோடுதான் இருந்தாள் என்று பள்ளிக்கூடம் எழுதித் தர வேண்டும், விலாசத்தோடு.

பள்ளியின் எல்லைக்குள், தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே, ஒரு சின்ன வீடு வாடகைக்கு இருந்தது. முன்பணத்துக்கு வழியில்லாமல் இரண்டு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டே போய்வந்தான். அந்தப் பணம் வந்தால் பொய் விலாசம் தேவைப்படாது. வரவேண்டுமென்றால் விலாசம் பொய் என்று பள்ளியிடமே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் டெஸ்ஸாவை அன்றைக்கே வெளியே அனுப்பலாம்.

செவ்வாய் இரவுச் சாப்பாட்டில் மகளிடம் சொல்லிவிட்டான். அவள் மக்ரோனியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"எல்லாரும் பொய் விலாசம்தானேப்பா குடுக்கறாங்க. நீ மட்டும் ஏன் போய் மாட்டிக்கணும்?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனான்.

புதன்கிழமை, தான் வேலை பார்க்கும் சாலைப் பணிக் கொட்டகையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, மதியம் இரண்டரைக்குப் பள்ளி அலுவலகத்தில் நின்றான். தபால் நிலையம் நாலரைக்கு மூடிவிடும். செயலாளர் மிஸஸ் பிராக், அவன் இதே பள்ளியில் படித்த காலத்திலிருந்து அதே நாற்காலியில் இருப்பவள். அவன் கையில் சுருட்டி வைத்திருந்த நீதிமன்ற உத்தரவைப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"டெல்மர், நீ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோ. நீ சொல்லாத வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது. சொல்லிட்டா, தெரியாத மாதிரி என்னால இருக்க முடியாது. யோசிச்சுப் பேசு."

சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் நகர்ந்தது. கூடத்தின் கடைசியில் பேண்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சுருதி சேராத ட்ராம்போன் ஒன்று மற்றவற்றைவிட உரக்கக் கேட்டது.

"அவ நாலு வருஷமா என் வீட்லதான் இருக்கா," என்றான். "ஆத்துக்கு அந்தப் பக்கம்."

மிஸஸ் பிராக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அந்த ஓட்டை சைலன்சரை வச்சுக்கிட்டு தேவாலயத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சா, ஊருக்கே கேக்கும்டா."

பிறகு டெஸ்ஸாவின் பழைய கோப்பு ஒன்றை எடுத்தாள். அந்த வருடம் டெஸ்ஸாவுக்குக் காய்ச்சல் வந்த நாள், பல் உடைந்த நாள், பனியில் சீக்கிரம் மூடிய நாள், ஒவ்வொன்றிலும் அழைத்துப் போனவர் கையெழுத்து டெல்மருடையது. உத்தரவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளித் தாளில் கடிதம் அடித்தாள். உண்மையான விலாசத்தோடு. கையெழுத்துப் போடும் முன், இதன் நகல் மேலதிகாரிக்குப் போகும் என்றாள். பள்ளி வருடம் முடியும் ஜூன் வரை பிள்ளையை யாரும் தொடமாட்டார்கள், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றும் சொன்னாள். டெஸ்ஸா அடுத்துப் போகவேண்டிய ஏழாம் வகுப்பில் வெளி எல்லைப் பிள்ளைகளுக்கு இரண்டே இடம், ஐந்து குடும்பம் ஏற்கெனவே கேட்டிருக்கிறது. அந்த இடத்துக்கான விண்ணப்பத்தையும் எடுத்து நீட்டினாள். வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும்.

மூன்று மணிக்கு டெஸ்ஸா வாசலுக்கு வந்தபோது பிக்கப் நேரெதிரே நின்றது. அவள் தயங்கிச் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

தபால் நிலையம் வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். நாலு ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது, கவுண்டரில் இருந்தவர் திருத்திய கணக்கும் கடிதமும் வைத்த உறையில் முத்திரை குத்தி ரசீதைக் கொடுத்தார். டெல்மர் தேதியை மூன்று முறை படித்தான்.

வண்டிக்குத் திரும்பியபோது டெஸ்ஸா விண்ணப்பத்தை ட்ராம்போன் பெட்டியின் மேல் வைத்துப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள். முகம் இன்னும் உம்மென்றுதான் இருந்தது. பெயர், வயது, வகுப்பு எல்லாம் முடிந்து விலாசத்துக்கு வந்திருந்தாள்.

"நம்ம வீட்டு நம்பர் என்னப்பா?" என்றாள். "நான் எங்கயும் எழுதினதே இல்ல."