தலையணைக்கு அடியில் விவியனைட்

நேற்று நாவலூரில் வடிகாலுக்காகத் தோண்டிப் போட்டிருந்த சேற்றைத் தாண்டும்போது அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நான் நின்று மோந்து பார்த்தேன். வீட்டில் சொன்னால் திட்டு விழும், உங்களிடம் சொல்வதற்கென்ன.

அது காற்றுப் புகாத ஏரிச் சேற்றின் வாசனை. நிலவியல் படித்துவிட்டு மலை மலையாகச் சுற்றப்போகிறேன் என்று பீற்றிக்கொண்டிருந்தவனுக்கு வாய்த்த முதல் வேலை, அடுக்குமாடி கட்டும் முன் துளை போட்டு மண்ணைச் சோதிப்பது. இதே நாவலூர்ச் சாலையில்தான். துளை போடும் எந்திரத்தை ஓட்டியவர் ஏழுமலை.

ஒருநாள் ஆழத்திலிருந்து வந்த கருஞ்சேற்றில் நிறமற்ற படிகங்கள் ஒட்டியிருந்தன. நகத்தால் கீறினாலே உதிர்ந்தன. வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து பார்த்தால் நீலம் பாய்ந்திருந்தது.

"இன்னா சார் இது, நீலக்கல்லா?"

விவியனைட் என்றேன். இரும்பும் பாஸ்பேட்டும் தண்ணீரும் சேர்ந்த உப்பு. தேங்கிய நீருக்கடியில் மீன்முள்ளும் இலைதழையும் காலகாலமாக மக்கும்போது உண்டாவது. வெளிச்சமும் காற்றும் பட்டால் நீலமாகும். "இது கெடச்சா அங்க ரொம்ப காலம் தண்ணி நின்னிருக்குன்னு அர்த்தம்."

ஏழுமலையின் காதில் நீலம் மட்டும்தான் விழுந்தது. நீலக்கல் சனி பகவான் சமாச்சாரம், எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துப் பார்ப்பார்கள் அல்லவா? இவரும் வைத்தார். இழுத்துக்கொண்டே இருந்த மகள் கல்யாணம் அந்த வாரமே கூடி வந்தது.

"ஒத்துக்கினுச்சி சார். இந்த மண்ணு நமக்கு ராசியா கீது."

ஏரி இருந்த இடம் என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். மண் கொட்டி உயர்த்திக்கொள்கிறோம் என்றார்கள் கட்டியவர்கள். ஏழுமலை அதே கட்டடத்தில் தரைத்தளத்தில் வீடு வாங்கக் கிளம்பினார். வேண்டவே வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"உனுக்குக் கல்லு தெரியும் சார், ஜாதகம் தெரியாது."

படித்தவன் பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதை.

முதல் பெருமழையிலேயே கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். இப்போதெல்லாம் ஐப்பசி பிறந்தால் சாமான்களை மேல்மாடி நடையில் ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. போன மழையில் பார்க்கப் போனேன். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "வா சார்" என்றார். கட்டியவர்கள் மேல் வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இந்த வீட்டுக்காக அவர் விற்றது, திருக்கழுக்குன்றத்துப் பக்கம் இருந்த பூர்வீக வீட்டையும் கொல்லையையும். அதை இடித்து மனைக்கற்கள் நட்டுவிட்டார்கள். நல்ல மேடு அது. எந்த மழைக்கும் அங்கே தண்ணீர் நின்றதில்லை.