குழாயடியில் நல்லெண்ணெய்

நான், என் மனைவி சரோஜா, மகன் குமார், வழிகாட்டி பகதூர். சான் ஹோசேயிலிருந்து வந்த நாங்கள் மூவரும் இமயமலையில், நேபாளப் பக்கம், ஒரு வெந்நீர்க் குளத்தருகே நிற்கிறோம். பகதூர் மெட்ராஸில் கூர்க்கா வேலை பார்த்தவன், தமிழ் பேசுகிறான்.

ஏறி வந்ததில் சரோஜாவின் முழங்கால்கள் மடங்கவில்லை.

“நாளைக்கு எறங்க கழுதை அரேஞ்ச் பண்ணிடறேம்மா” என்கிறான் குமார்.

“கழுதை மேல நீ போ. நான் நடந்துதான் வருவேன்.”

பையிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்துக் காலில் வழியத் தேய்க்கிறாள். குளத்தில் இறங்கப் போனவளைப் பகதூர் மறிக்கிறான்.

“எண்ணெயோட எறங்காதீங்கம்மா. ஊர்க்காரங்க என்னைத்தான் திட்டுவாங்க.”

“எண்ணெய் இல்லாம வெந்நீர் எதுக்குப்பா?”

அவன் சிரித்துவிடுகிறான். குளத்துத் தண்ணீர் வெளியே விழும் குழாயடிக்குக் கூட்டிப்போகிறான். அங்கே யாரும் எதுவும் சொல்ல மாட்டார்களாம். தண்ணீர் நல்ல சூடு. சரோஜா காலை நீட்டி உட்கார்ந்து உருவிவிடுகிறாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து, யாரையும் பிடிக்காமல் நடந்து காட்டுகிறாள். குமார் ஓரமாக நின்ற கழுதைக்காரனிடம் வேண்டாம் என்று கையாட்டுகிறான்.

பார்த்துக்கொண்டிருந்த சுமைதூக்கிகள் ஆறு பேரும் ஒவ்வொருவராக வந்து அவள் பக்கத்தில் உட்காருகிறார்கள். பாட்டில் கைமாறுகிறது.

குழாயடியில் எண்ணெய் மினுங்கும் முழங்கால்கள் பதினான்கு.