கீரப்பாளையத்துக் களத்தில் திருவாதிரை

டிசம்பரில் கடலூர்ப் பக்கம் நட்சத்திரங்களைப் படம் பிடிக்கப் போகிறேன் என்று சொன்னபோது சிரிக்காத ஒரே ஆள் ரெஜினா அக்காதான். அவர் என் கணவரின் அண்ணன் மனைவி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். நான் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னீஷியன். இரண்டு வருடமாக மொட்டை மாடியிலிருந்து நிலாவையும் வியாழனையும் படம் எடுத்துப் பழகியிருந்தேன். அதற்கு மேல் போக டிராக்கர் வேண்டும். நட்சத்திரங்கள் நகரும் வேகத்துக்குக் கேமராவையும் மெல்லத் திருப்பிக்கொண்டே வரும் சின்னக் கருவி அது. என்னிடம் இல்லை.

புதுச்சேரியில் நாங்கள் கூடும் வானியல் குழுவில் ஒருவர் தன்னுடையதை இரவல் தந்தார், கிறிஸ்துமஸ் வரைக்கும் மட்டும். அது கழிந்ததும் அவர் அதோடு மலைக்குப் போகிறார். "மழை மாசத்துல எங்கிட்ட பொட்டியிலதான் கெடக்கும். நீங்க வேணா வெச்சுப் பாருங்க" என்றார். அந்த 'வேணா' எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஒரே ஒரு நல்ல படம் எடுத்துவிட்டுத்தான் திருப்பித் தருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எடுக்க நினைத்தது ஓரியனை: வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியுமே, அந்தக் கூட்டம் முழுவதும், அதன் கீழே இருக்கும் இளஞ்சிவப்பு வாயு மேகத்தோடு.

முதல் சனிக்கிழமை கிள்ளைக்குப் போனோம். கடலூரிலிருந்து சுமார் 45 கி.மீ., அக்காவின் பழைய ஆல்ட்டோவில் ஒன்றேகால் மணி நேரம். மற்ற டிரைவர்களின் தவறுகளை அக்கா வழியெல்லாம் திருத்திக்கொண்டே வருவார், அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கிள்ளையைத் தாண்டினால் கிழக்கே சுரபுன்னைக் காடும் கடலும்தான், ஊர் வெளிச்சம் இல்லை. ஓரியன் அந்தப் பக்கத்திலிருந்துதான் ஏறி வரும். இடம் அருமை. மழைதான் எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. காருக்குள் உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

அடுத்த வாரம் அதே இடம். வானம் பளிச்சென்று இருந்தது. முக்காலியை நிறுத்தி முப்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால் முதல் நான்கைத் தவிர எல்லாம் பால் ஊற்றிய மாதிரி. லென்ஸில் பனி இறங்கியிருந்தது, இருட்டில் கவனிக்கவில்லை. வேலைக்குப் போகிற, பிள்ளைகள் உள்ள ஒரு பெண்ணுக்கு மாதத்தில் இரண்டு சாயங்காலம் போனது சின்ன விஷயமில்லை. அடுப்படியில் நின்று அழுதேன். என் கணவர் ஒரு பழைய சாக்ஸை எடுத்து, அதில் வறுத்த அரிசியைக் கொட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். சூடான அரிசியை லென்ஸைச் சுற்றிக் கட்டினால் பனி ஒட்டாது என்று எங்கேயோ படித்தாராம்.

மூன்றாவது வாரம் முழுக்க மேகம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. திங்கட்கிழமை டிராக்கரைக் கொடுத்தாக வேண்டும். எங்கள் தெருவில் எல்லா வாசலிலும் காகித ஸ்டார் தொங்கியது, எங்கள் வீட்டைத் தவிர. "எல்லாரும் ஸ்டார் கட்டுறாங்க, நாம ஸ்டார் புடிக்கப் போறோம். ஏறு பிலோ" என்றார் அக்கா. வறுத்த அரிசி ஹாட்பாக்ஸில் சூடாக இருந்தது.

கிள்ளையில் கடலுக்கு மேலே மேகம் சுவர் மாதிரி நின்றது. டீக்கடையில் எங்கள் பக்கத்தில் ஒரு மினி பஸ் டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா நேராக அவரிடமே கேட்டார்.

"அண்ணே, எந்தப் பக்கத்துலேர்ந்து வர்றீங்க? அங்க வானம் எப்டி இருக்கு?"

"செதம்பரத்துக்கு அந்தாண்ட வெளிவாங்கிடுச்சிம்மா. கீரப்பாளையம் பக்கம் நட்சத்திரம்லாம் தெரியுது. இங்கதான் மூட்டம் ஜாஸ்தி."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். சிதம்பரத்தைக் கடந்து கீரப்பாளையத்துக்கு முன்னால் ஒரு கிளைச் சாலையில் திரும்பியதும் தலைக்கு மேலே வானம் திறந்து கிடந்தது. ஆனால் இரண்டு பக்கமும் சம்பா நெல், தண்ணீர் கட்டிய வயல். முக்காலி வைக்கக் காய்ந்த தரை எங்கேயும் இல்லை. கடைசியில் ஒரு வீட்டை ஒட்டி நெல் காயவைக்கும் சிமெண்ட் களம் தெரிந்தது. அதன் நடுவே பெரிய எல்.இ.டி. விளக்கு எரிந்தது.

வாசலில் இருந்தவர்கள் கோவிந்தராசு என்பவரும் அவர் மனைவி வளர்மதியும். நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் அண்ணாந்து பார்த்தார்.

"இத்தினி தூரம் வந்து, இந்த மானத்தையா படம் புடிக்கப் போறீங்க?"

"ஆமாண்ணே. அந்த வெளக்க மட்டும் கொஞ்ச நேரம் அணைக்க முடியுமா?"

அவர் யோசித்தார். அதற்குள் வளர்மதி உள்ளே போய் சுவிட்சை அணைத்துவிட்டார்.

விளக்கு போனதும் அடுத்த சிக்கல் தெரிந்தது. டிராக்கரைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித்தான் நிறுத்த வேண்டும். நம் ஊரில் அது வடக்கே மிகவும் தாழ்வாக இருக்கும். கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால், அதற்குச் சற்று மேலே. களத்தின் வடக்கு ஓரத்தில் நிறுத்தியிருந்த அவர்களுடைய கதிர் அறுக்கும் மெஷின் சரியாக அந்த இடத்தை மறைத்தது. நகர்ந்து வைக்கலாம் என்றால் ஒரு பக்கம் வேப்பமரம், இன்னொரு பக்கம் சேறு. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஒரு நட்சத்திரத்துக்காக மெஷின நவுத்தணுமா?" என்று கேட்டார் கோவிந்தராசு. கேட்டுக்கொண்டே சாவியை எடுக்கப் போனார். மெஷின் உறுமிக்கொண்டு பின்னால் போனது. அது நின்ற இடத்தில், வயலுக்கு மேலே, துருவ நட்சத்திரம் தனியாக நின்றது. அக்கா கைதட்டிவிட்டார். "ரிவர்ஸ் நல்லா எடுத்தீங்கண்ணே" என்றார், தொழில் புத்தி.

எட்டே முக்காலுக்கு முதல் படம். கிழக்கே சிதம்பரத்து வெளிச்சம் அடிவானத்தில் மஞ்சளாக இருந்தது, ஆனால் ஓரியன் அதற்கு மேலே ஏறியிருந்தது. ஒவ்வொரு படமும் ஒரு நிமிடம். வீட்டார் ஐந்தாறு பேர் என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். அதிர்வில் படம் கெட்டுவிடுமோ என்று பயந்து, வாய்தவறி, "அசையாதீங்க, மூச்ச இழுத்துப் புடிங்க" என்றேன். தினமும் எக்ஸ்ரே அறையில் சொல்வதுதான். ஐந்தாறு பேரும் நிஜமாகவே மூச்சைப் பிடித்தார்கள். ஒரு நிமிடம் யாரால் பிடிக்க முடியும்? முதலில் வெடித்துச் சிரித்தது வளர்மதி.

படத்தைக் கேமராத் திரையில் காட்டினேன். மூன்று நட்சத்திர வரிசையின் கீழே இளஞ்சிவப்பாக ஒரு திட்டு. கண்ணுக்குத் தெரியாதது, திரையில் பூத்திருந்தது. அதற்கு மேலே இடதுபக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய நட்சத்திரம்.

"இது பேரு என்னாங்க?" என்றார் வளர்மதி.

"திருவாதிரை."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் திருவாதிரை நட்சத்திரங்க. அர்ச்சனைக்கு வருசம் பூரா சொல்றேன். இதுதான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது." பிறகு என் கையைப் பிடித்து, வானத்தில் காட்டச் சொன்னார். காட்டினேன். "ஏங்க, இங்க வாங்க, என் நட்சத்திரத்தப் பாருங்க" என்று கணவரைக் கூப்பிட்டார். அவர் தன் நட்சத்திரமான சித்திரை எங்கே என்று கேட்க, அது விடியற்காலையில்தான் வரும் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

ஒன்பதரைக்குள் கிழக்கிலிருந்து மேகம் வந்து மூடியது. ஒன்றரை மணி நேரம் வேண்டும் என்று வந்தவளுக்கு நாற்பது நிமிடம்தான் கிடைத்தது. ஆனால் அரிசி மூட்டை வேலை செய்திருந்தது. லென்ஸ் துடைத்த மாதிரி இருந்தது. கெட்டது போக முப்பத்தொரு படம். அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்க்கும் மென்பொருளில் போட்டுவிட்டு, விடியும்வரை தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். படம் வந்தது. நான் எடுத்தது என்று நானே நம்ப இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது.

டிராக்கரைத் திருப்பிக் கொடுக்கும்போது படத்தையும் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். "எந்த மலை?"

"மலையெல்லாம் இல்ல சார். கீரப்பாளையம்."

அவர் மூன்றாவது முறையும் பெரிதாக்கிப் பார்த்தார். எனக்கு அது போதும். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலூர் வரை தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: மழை மாதம் என்று பயப்பட வேண்டாம். மழை கழுவிய வானம் கோடையைவிடத் தெளிவு. ஆனால் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கடலோரம் மூடியிருந்தால் இருபது கிலோமீட்டர் உள்ளே திறந்திருக்கலாம். செயற்கைக்கோள் படத்தையும் பாருங்கள், பஸ் டிரைவரையும் கேளுங்கள். தங்குவதென்றால் அண்ணாமலை நகர்ப் பக்கம் லாட்ஜ்கள் உண்டு. திருவாதிரைத் திருவிழாச் சமயத்தில் மட்டும் வராதீர்கள்: சிதம்பரத்தில் அறை கிடைக்காது, நிலாவும் முழுசாக அந்த நட்சத்திரத்தின் பக்கத்திலேயே நிற்கும். பெண்கள் தனியாகப் போகாமல் இருவராகப் போங்கள், ஒரு வீட்டை ஒட்டிய இடமாகப் பாருங்கள், கேட்டுவிட்டு நுழையுங்கள். போக வர பெட்ரோல் எங்களுக்கு அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

பொங்கலுக்கு முன்னால் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, வளர்மதியிடம் கொடுத்துவிட்டு வந்தோம். கூடத்தில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த ஆரஞ்சு நட்சத்திரத்தைத் தொட்டு "இது நானு" என்கிறாராம். கீழே வலது மூலையில் பொடி எழுத்தில் இருப்பது என் பெயர். அதையும் தொட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.