தோல் உரிக்கும் அத்தான்

அத்தான், சீனக் கொழுக்கட்டையான டம்ப்ளிங்கின் மடிப்பை முள்கரண்டியால் பிரித்துத் தோலைத் தனியாக உரிக்கிறார். உள்ளே இருக்கும் பன்றிக்கறி உருண்டையை டிஷ்யூ காகிதத்தில் வைத்து, சாறெல்லாம் போகும்வரை அழுத்துகிறார். எண்ணெய் ஊறிய காகிதத்தை விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டுவார். "பாத்தியா, அவ்வளவும் கொழுப்பு. இதத்தான் உங்கக்கா கேக்குறா."

அக்கா எதிரில் உட்கார்ந்திருப்பாள். வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்ததிலிருந்து அவளுக்கு எதுவும் இறங்குவதில்லை. வளையல் முழங்கைவரை ஓடுகிறது. எடை ஏறாவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரிதான், வாய் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அவள் வாய் கேட்டது தெருமுனைச் சீனக் கடையில் ஆவியில் அவிக்கும் டம்ப்ளிங்கை மட்டும்.

அத்தான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. டாக்டர்களின் வாசலில் காத்துக் கிடந்தே பாதி டாக்டர் ஆனவர். தோல் வெறும் மாவு, சாறு வெறும் கொழுப்பு, கறி மட்டும் புரதம்: அவருடைய அறிவியல் இதோடு முடிந்தது. நான் ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் பல நாட்களை இந்த டம்ப்ளிங்கைத் தின்றே ஓட்டியிருக்கிறேன். மாவும் கறியும் கோசும் கொழுப்பும் ஒரே வாயில் போனால்தான் அது சாப்பாடு. சொல்லிப் பார்த்தேன். "நீ ஊர் சுத்தினவ. நான் படிச்சவன்" என்றார். படித்தது புரத மாவு டப்பாவின் பின்பக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா கெஞ்சினாள். "ஆவியில வெந்ததுதானேங்க. அப்படியே குடுங்களேன்."

"ஆவியில வெந்தா கொழுப்பு ஆவியாப் போயிடுமா?"

"அது போகாது. என் ஆவிதான் போகும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சக்கையாகிவிட்ட கறியை அவள் பக்கம் தள்ளினார். ஒரு வாய் மென்றாள், தொண்டையில் நின்றது. தட்டை நகர்த்திவிட்டாள்.

"வாங்கிட்டு வந்து உரிச்சுக் குடுத்தாலும் வேண்டாமாம். கொழுப்பு இதுல இல்ல, உங்கக்காவுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, தோல்கள் கிடந்த தட்டைக் குப்பையில் கொட்டுவதாக எடுத்துக்கொண்டு போனார்.

தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் நுழைந்தேன். சுவரைப் பார்த்து நின்றபடி, தோலைச் சோயா சாஸில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். மோவாயெல்லாம் மினுமினுப்பு.

"வீணாப் போகுதேன்னுதான்" என்றார்.

தட்டில் ஒரு தோல் மிச்சமிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் கறியும் ஒட்டியிருந்தது.

"அதையாவது அக்காவுக்குக் குடுங்க அத்தான்" என்று கையை நீட்டினேன்.

என் கையைப் பார்த்தார். தோலை நாலாக மடித்து, வாயில் போட்டுக்கொண்டார்.